பேணியை விட்டுக் கழன்ற தாள்

கூட்டுறவுச் சங்கக்கடை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

எனது பிரியாவிடைக் கூட்டத்தில் அனுபவத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லும்படி கேட்டீர்கள். எழுந்து நின்றேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது எழுதித் தருகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தராசு பிடிப்பதும் மூட்டை அடுக்குவதும் சில நாட்களில் கைக்கு வந்துவிடும். அவற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நான் சொல்ல வந்தது தகரப் பேணியில் ஒட்டியிருக்கும் தாளைப் பற்றி.

நமது கடையில் விற்கும் மற்றச் சாமான்களை வாங்குகிறவர் சோதித்துப் பார்க்கலாம். பருப்பில் வண்டு இருந்தால் கண்ணுக்குத் தெரியும். அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்ப்பார்கள். கருவாட்டை மணந்து பார்ப்பார்கள். அடைத்த பேணியை மட்டும் யாராலும் சோதிக்க ஏலாது. விற்கிற நமக்கும் உள்ளே இருப்பது தெரியாது. தாள் சொல்வதை நம்பி நாம் கொடுக்கிறோம், நம்மை நம்பி அவர்கள் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கை ஒரு முறை பிசகியதை நான் நெடுந்தீவில் வேலை செய்த காலத்தில் பார்த்தேன்.

அங்கே எனக்கு மேலே இருந்த மனேச்சர் மிகவும் கவனமான மனிதர். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர். அந்த நாட்களில் பேணித் தாள்களில் தமிழைக் காண்பது அரிது. சாமான் வந்து இறங்கியதும் அவர் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளைச் சுற்றிச் சுற்றி வாசிப்பார். வாசித்ததை எனக்குத் தமிழில் சொல்லுவார். எதை வெயில் படாமல் வைக்க வேண்டும், எதைத் திறந்த பிறகு சில நாட்களுக்குள் முடிக்க வேண்டும், எதற்குக் கொதித்தாறிய தண்ணீர்தான் சேர்க்க வேண்டும் என்பதெல்லாம் நான் அவரிடமிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டவை. சாமான் வாங்க வருகிறவர்களுக்கு அதை நான் சொல்ல வேண்டும் என்பது அவருடைய கட்டளை. வாய் திறக்கக் கூச்சப்படுகிற எனக்கு அதுதான் கடையில் கஷ்டமான வேலை.

அவருடைய கவனத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். சோளகக் காற்று வீசும் மாதங்களில் அங்கே கடல் தொழில் படுத்துவிடும். தினமும் மீன் தின்று பழகிய சனம் பேணி மீன் வாங்க வரும். ஒரு நாள் அந்தோனியண்ணை வந்தார். அவர் சொந்தமாக வள்ளம் வைத்துத் தொழில் செய்தவர், வாய்க்காரர். தட்டின் மூலையில் ஒதுக்கி வைத்திருந்த ஒரு மீன் பேணியைக் கண்டுவிட்டார். அதன் மூடி இலேசாக மேலே புடைத்திருந்தது.

"உதைத் தாரும் எனக்கு. வயிறு ஊதினதெண்டு ஒருத்தரும் வாங்கமாட்டினம். அரை விலைக்குத் தாரும்."

"உது விக்கிறதுக்கு இல்லை" என்றார் மனேச்சர்.

"மனேச்சர், நான் பிறந்ததிலையிருந்து மீனோடை சீவிக்கிறவன். எந்த மீன் பழுது எண்டு எனக்கு நீங்கள் சொல்லப்போறியளோ?"

"உங்களுக்குக் கடல் மீன் தெரியும் அந்தோனி. பேணி மீன் எங்கை பிடிச்சது, எப்ப செத்தது எண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. பேணி ஊதினால் உள்ளுக்கை ஏதோ நடக்குது எண்டு அர்த்தம். தாளிலை என்ன திகதி போட்டிருந்தாலும் பிறகு அது செல்லாது."

"சரி, கால் விலைக்குத் தாரும்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மனேச்சர் சிரிக்கவில்லை. அந்தப் பேணியை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டச் சொல்லித் தாட்டுவிட்டு வந்துதான் மறுபடி மேசையில் இருந்தார். அந்தோனியண்ணை வெறுங்கையோடு போகும்போது, "மீனுக்குச் செத்தவீடு செய்த முதல் மனேச்சர் இவர்தான்" என்று சொல்லிக்கொண்டு போனார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்த பிழையைச் செய்தவரும் இதே மனிதர்தான். கவனம் இல்லாதவர் செய்த பிழை என்று நினைத்துவிட்டு நீங்கள் இதைத் தள்ளிவிடக் கூடாது.

எழுபதுகளின் முன்பாதியில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு வந்தது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். பாணுக்கும் வரிசை, சீலைக்கும் வரிசை. பால்மா கிடைப்பது பெரும் பாடாக இருந்தது. அதுவும் சோளகம் தொடங்கிவிட்டால் எங்கள் தீவுக்குச் சாமான் வள்ளம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல ஏலாது.

அந்த நாட்களில் திரேசம்மா என்ற ஒரு பெண் கடைக்குத் தினமும் வருவாள். அவளுடைய தங்கச்சி பிள்ளையைப் பெற்றுவிட்டுக் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். பிள்ளையின் தகப்பன் மன்னார்ப் பக்கம் தொழிலுக்குப் போனவன், காற்று மாறினால்தான் வருவான். கலியாணம் ஆகாத திரேசம்மா தங்கச்சியின் பெண்குழந்தையைத் தூக்கி வளர்த்தாள். தாய்ப்பால் இல்லாத பிள்ளை. வெயில் காலத்தில் தீவில் புல் கருகிவிடும், மாடுகள் வற்றிவிடும். பால்மாப் பேணிதான் அந்தப் பிள்ளைக்கு எல்லாம்.

"அண்ணை, இண்டைக்கு வள்ளம் வருமோ?"

இதுதான் அவள் கேட்பது. இல்லை என்று சொன்னால் போகமாட்டாள். கடை வாசலில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். கண்ணால் தண்ணீர் ஓடும். மனேச்சர் தலையைக் குனிந்துகொண்டு எழுதுவார். அவள் போகும் வரை அவர் தலை நிமிர்ந்ததை நான் காணவில்லை.

ஒரு சனிக்கிழமை வள்ளம் வந்தது. அலை அடித்து உள்ளே கடல் தண்ணீர் நிறைந்து, சாமானெல்லாம் ஊறிப்போய் வந்தது. மட்டைப் பெட்டிகள் கையோடு கிழிந்தன. இரண்டு வகைப் பால்மா வந்திருந்தது. ஒன்று கைக்குழந்தைகளுக்கானது, தாளில் பிள்ளையின் படம் போட்டது. மற்றது கொழுப்பு எடுத்த பால்மா, தேத்தண்ணிக் கடைகளுக்கும் வெதுப்பகங்களுக்கும் என்று வருவது. இரண்டுக்கும் ஒரே அளவான பேணி. தாள்களெல்லாம் பேணிகளை விட்டுக் கழன்று, வள்ளத்தின் அடித்தண்ணீரில் மிதந்தன. தாளில்லாத பேணிகள் வெள்ளித் தகரமாக ஒன்றுபோல மினுங்கின.

மனேச்சர் அந்தத் தாள்களைப் பொறுக்கி எடுத்தார். கொழுப்பு எடுத்த மாவின் தாளில் இருந்த ஒரு வரியை எனக்கு வாசித்துச் சொன்னார்.

"இதைக் கைக்குழந்தைகளுக்குக் குடுக்கவேண்டாம் எண்டு போட்டிருக்கு. இது இரண்டும் மாறிப்போகக் கூடாது. கவனம்."

அதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வரியை அவர் வாசித்தார். அதன் அர்த்தம் அவருக்குத் தெரியும். இரண்டையும் பிரிக்க வேண்டும் என்றுதான் அவர் எல்லாவற்றையும் செய்தார்.

ஒரேயொரு பேணியில் பிள்ளைப் படத் தாள் பாதி ஒட்டியபடி இருந்தது. அதன் மூடியின் விளிம்பில் ஒரு வரம்பு எழும்பியிருந்தது. மற்றப் பேணிகளைப் பார்த்தால், சிலவற்றில் அந்த வரம்பு இருந்தது, சிலவற்றில் இல்லை. வரம்பு உள்ளது பிள்ளைப் பால்மா, இல்லாதது மற்றது என்று அவர் முடிவெடுத்தார். தாள்களை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கல்வேலியில் காயவைத்து, ஞாயிற்றுக்கிழமை அவரும் மனைவியுமாக இருந்து கஞ்சிப் பசை பூசி ஒட்டினார்கள். தாளில்லாத பேணியை விற்றால் விலைக் கட்டுப்பாட்டுக்காரர் வந்து கேள்வி கேட்பார்கள் என்பது ஒரு காரணம். பிள்ளைப் படம் இருந்தால்தான் தாய்மார் நம்பி வாங்குவார்கள் என்பது இன்னொரு காரணம். திங்கட்கிழமை காலை நான் கடையைத் திறந்தபோது பேணிகள் தட்டில் வரிசையாக நின்றன. புதிதாக வந்தவை போல வடிவாக இருந்தன. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒட்டும் இடத்தில் நான் இருந்திருந்தாலும் பசைக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேனே தவிர வேறொன்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

முதல் பேணி திரேசம்மாவுக்குப் போனது. மனேச்சர் வரிசையைப் பார்க்காமல் அவளைக் கூப்பிட்டுத் தன் கையாலே கொடுத்தார்.

சில கிழமைகள் போயின. வள்ளம் வரவில்லை. திரேசம்மா இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் வந்து பேணி வாங்கினாள். மூன்றாம் தடவை பிள்ளையைக் கொண்டுவரவில்லை. எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"வயித்தாலை போகுது அண்ணை. பல்லு முளைக்கிறதுக்கு எண்டு சொல்லுகினம். ஆனா பால் விடாமல் குடிக்கிறாள். இந்த மா நல்ல மா. முந்தி வாங்கின மா எண்டால் போத்தலிலை எண்ணெய் மாதிரிப் பிடிச்சுக்கொண்டு நிக்கும், சுடுதண்ணி விட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவவேணும். இது பச்சைத்தண்ணியிலை ஒருக்கால் அலசினால் கண்ணாடி மாதிரி."

அவள் அதைப் புகழ்ச்சியாகத்தான் சொன்னாள். பேணியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பாலில் கொழுப்பு இருந்தால்தானே போத்தலில் பிடிக்கும். நான் மனேச்சருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்லுவது என்று தெரியாமல் அவருடைய காதுக்குக் கிட்டக் குனிந்து, திரேசம்மா சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் நான் சேர்க்கவில்லை.

அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"கடையைச் சாத்தும்" என்றார்.

"ஐயா, ஆக்கள் நிக்கினம்."

"சாத்தும்."

பாதித் தாளோடு வந்த அந்தப் பேணியை அவர் விற்காமல் அலுமாரியில் வைத்திருந்தார். அதை உடைத்தார். ஒட்டிய பேணிகளில் ஒன்றையும் உடைத்தார். இரண்டு கிளாசில் சுடுதண்ணீர் எடுத்து ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி கரைத்து ஆறவிட்டார். நாங்கள் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றோம். ஆறியபோது முதலாவது கிளாசில் மஞ்சளாக ஆடை படிந்தது. மற்றதில் ஒன்றுமே இல்லை. சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. இன்னொரு பேணியை உடைத்தார், அதுவும் அப்படித்தான். அடுத்ததில் ஆடை படிந்தது. வரம்பு உள்ள பேணிகளுக்குள் இரண்டு வகையும் கலந்திருந்தன. பேணி செய்கிறவர்கள் கைக்கு வந்த மூடியைப் போட்டிருக்கிறார்கள். வரம்புக்கும் மாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஒரு பேணியைப் பார்த்து எல்லாப் பேணியையும் முடிவெடுத்திருந்தோம்.

இந்த இடத்தில் அவர் என்ன செய்தார் என்பதைத்தான் நீங்கள் பார்க்கவேண்டும். அவருக்குப் பல வழிகள் இருந்தன. ஒன்றும் பேசாமல் நல்ல பேணிகளைப் பிரித்தெடுத்து இனிமேல் அவற்றைக் கொடுத்திருக்கலாம். என்னை அனுப்பி, மா பழுதாம் என்று சொல்லித் திருப்பி வாங்கியிருக்கலாம். தண்ணீரில் நனைந்த சாமானை அனுப்பியவர்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர் சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"கைக்குழந்தை இருக்கிற வீடுகள் முதல். தேத்தண்ணிக்கு வாங்கினவைக்கு நாளைக்குச் சொல்லலாம். நீர் சாக்கைக் கொண்டு வாரும்."

திரேசம்மா வீட்டுக்குத்தான் முதலில் போனோம். நல்லதென்று தெரிந்த அந்தப் பேணியை அவர் கையில் வைத்திருந்தார். பிள்ளை பாயில் கிடந்தது. அதைப் பார்த்ததும் நான் வேலிப் படலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கால்களில் தோல் சுருங்கித் தொங்கியது. அழுகிற சத்தமும் பூனைக்குட்டியின் சத்தமாக இருந்தது. தினமும் பார்க்கிறவளுக்கு அந்த மெலிவு தெரியவில்லை.

மனேச்சர் முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"பிள்ளை, நான் உனக்குத் தந்த பேணியிலை இருந்தது பிள்ளைக்குக் குடுக்கிற மா இல்லை. தாளை நான்தான் ஒட்டினனான். பிழையாய் ஒட்டிப்போட்டன்."

திரேசம்மாவுக்கு உடனே விளங்கவில்லை. அவர் இரண்டாம் தரமும் சொன்னார். அவள் குசினிக்குள் போய்ப் பேணியை எடுத்து வந்து, பிள்ளைப் படத்தைத் தடவிப் பார்த்தாள்.

"தாள் ஒட்ட நேரம் இருந்ததே உங்களுக்கு. ஒரு பேணியைத் திறந்து பாக்க நேரம் இருக்கேல்லையோ?"

அவர் கையில் இருந்த நல்ல பேணியை அவளிடம் நீட்டினார். பேணியைத் திறந்தால் அது விற்க ஏலாமல் போகும், தட்டுப்பாட்டு நேரத்தில் ஒரு பேணியாவது வீணாகக் கூடாது என்று நினைத்திருப்பார். அதை அவர் சாட்டாகச் சொல்லவில்லை.

நல்ல மாவை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும் என்று கேட்கப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினோம். அங்கே இருந்தவர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, இதை இங்கே வைத்திருக்க ஏலாது, ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அன்று கடல் கரையில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு கிடந்தது. அந்தோனியண்ணையிடம் போனோம்.

"இண்டைக்கு ஏலாது. விடியக் காத்து கொஞ்சம் அடங்கும். அப்ப வெளிக்கிடுவம்" என்றார். பிறகு மனேச்சரை ஏற இறங்கப் பார்த்தார். "மீன் பேணியைத் தாட்ட ஆள் நீங்கள். உங்களுக்கு எப்பிடி இது வந்தது?"

"ஊதின பேணி எனக்குத் தன்ரை பிழையைக் காட்டினது, அந்தோனி. இது காட்டேல்லை" என்றார் மனேச்சர்.

பொழுதுபடும் வரை வீடு வீடாகப் போனோம். ஒவ்வொரு படலையிலும் அவர் அதே வார்த்தைகளையே சொன்னார். ஓரிடத்தில்கூட வார்த்தையை மென்மையாக்கவில்லை. சிலர் பேசாமல் பேணியைக் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு வீட்டில் ஒரு மனுசி, "முந்தி ஒட்டினியள், இப்ப உரிக்கிறியள். அடுத்த கிழமை என்ன செய்யப்போறியள்?" என்று படலைக்கு வெளியே கேட்கும்படி சத்தம் போட்டாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நான் வெட்கத்தில் சாக்கால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன். அவர் மறைக்கவில்லை. நல்ல காலமாக மற்ற வீடுகளில் பிள்ளைகள் தாய்ப்பாலும் குடித்ததால் பெரிய மோசம் வரவில்லை.

விடிய வெளிக்கிட்டோம். திரேசம்மா பிள்ளையை மார்போடு சேர்த்துச் சீலையால் மூடிக்கொண்டு வள்ளத்தின் நடுவில் இருந்தாள். மனேச்சர் காற்று வந்த பக்கமாக இருந்து சால்வையை விரித்து மறைப்புப் பிடித்தார். புங்குடுதீவில் இறங்கி, வாடகைக் கார் ஒன்று பிடித்து, வேலணையால் சுற்றி ஊர்காவற்றுறைக்குப் போனோம்.

ஆசுப்பத்திரியில் டொக்டர் பிள்ளையைத் தொட்டுப் பார்த்தார். தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். பிறகு திரேசம்மாவைப் பார்த்தார்.

"என்ன பால் குடுத்தனீர்?"

அவள் பிள்ளைப் படம் போட்ட அந்தப் பால்மாவின் பெயரைச் சொன்னாள். பழக்கத்தில் அதுதான் வாயில் வந்தது. டொக்டரின் முகம் கடுத்தது. துண்டில் எதையோ எழுதினார்.

"அந்தப் பாலைக் குடிச்ச பிள்ளை இப்பிடி வராது. தண்ணியைக் கூட்டிக் கரைச்சனீர், அப்பிடித்தானே? பேணியைக் கன நாளைக்கு இழுக்கப் பாத்தனீர். தட்டுப்பாடு எண்டு எல்லாரும் இதைத்தான் செய்யிறியள்."

திரேசம்மா பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். இரவு முழுக்க நித்திரை இல்லாதவள். அந்தக் கணத்தில் நாங்கள் பேசாமல் நின்றிருந்தால் பழி அவள் மேலே போயிருக்கும். வைத்தியமும் வேறு வழியில் போயிருக்கும். மனேச்சர் முன்னுக்கு வந்தார்.

"டொக்டர், அவ சரியாய்த்தான் கரைச்சவ. பேணிக்குள்ளை இருந்தது கொழுப்பெடுத்த மா. தாள் மாறிப்போச்சு. மாத்தி ஒட்டினது நான். நெடுந்தீவுச் சங்கக்கடை மனேச்சர்."

சொல்லிவிட்டுப் பையிலிருந்து இரண்டு தாளையும் எடுத்து மேசையில் வைத்தார். டொக்டர் வாசித்தார். பிறகு மனேச்சரைப் பார்த்தார். ஏசப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் ஏசவில்லை.

"எத்தனை கிழமையாய்?" என்று மட்டும் கேட்டார். மனேச்சர் சொன்னதும் தாதியைக் கூப்பிட்டு, முதலில் எழுதியதை வெட்டிவிட்டு வேறு எழுதினார்.

அன்று பகல் முழுவதும் விறாந்தையில் கிடந்த மர வாங்கில் இருந்தோம். பிள்ளை பிழைக்குமா என்று ஒருவரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. மத்தியானம் போல திரேசம்மா வெளியே வந்து, மனேச்சர் இருந்த வாங்கின் மற்ற நுனியில் இருந்தாள். அவளாகவே பேசினாள்.

"நான் ஒவ்வொரு நாளும் வந்து நிண்டு அழுதிருக்காட்டி நீங்கள் அவசரப்பட்டிருக்கமாட்டியள்."

மனேச்சர் தலையை ஆட்டினார்.

"பிள்ளை பசியிலை கிடந்தால் அழத்தான் வேணும். அது உன்ரை வேலை. உன்ரை அழுகையைப் பாத்து அவசரப்படாமல் இருக்கிறது என்ரை வேலை. நான் அதைச் செய்யேல்லை."

தம்பிமார், தங்கச்சிமார், நான் இந்த வேலையில் கேட்ட வார்த்தைகளில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. கெட்ட எண்ணத்தில் பிழை செய்கிறவர்களைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் கண்ட பிழைகளெல்லாம் இரக்கத்தில் வந்தவை. எதிரே ஒருவர் கையேந்தி நிற்கும்போது இல்லையென்று சொல்ல மனம் வராமல், தெரியாததைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டு கொடுத்துவிடுகிறோம். உங்களுக்கும் அந்த நேரம் வரும். ஒரு பேணியில் தாள் இல்லை, வாங்க வந்தவர் பரவாயில்லை தா என்கிறார். திகதி அடித்த இடம் துருவில் மறைந்திருக்கிறது, இந்த முறை மட்டும் என்கிறார். கொடுக்காதீர்கள். அவர் ஏசிக்கொண்டு போகட்டும்.

கழன்ற தாளை எந்தப் பேணியிலும் திருப்பி ஒட்டாதீர்கள். பேணியை விட்டுக் கழன்ற பிறகு அந்தத் தாளுக்கு ஒன்றும் தெரியாது. பேணிகளை நிலத்தில் வைக்காதீர்கள், பலகை போட்டு, சுவரில் முட்டாமல் வையுங்கள். எங்கள் தீவுகளில் சுவரும் உப்பைக் கக்கும். வாங்குகிறவருக்கு எழுத்துத் தெரியாவிட்டால் படத்தைப் பார்த்துத்தான் வாங்குவார். தாளில் இருப்பதை நீங்கள் வாயால் சொல்லுங்கள். உங்களுக்கு விளங்காத பாஷையில் இருந்தால் விளங்கவில்லை என்று சொல்லி, விளங்கியவரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள். வெட்கம் பார்க்க வேண்டாம். வெட்கப்படுவதில் என்னை வென்றவர் உங்களில் ஒருவரும் இருக்கமாட்டார். நானே சொல்லப் பழகினேன்.

பிள்ளை பல நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தது. பிழைத்தது. திரேசம்மா அதைத் தூக்கிக்கொண்டு தீவுக்குத் திரும்பியபோது மனேச்சர் அங்கே இல்லை. நடந்ததை அவரே மேலிடத்துக்கு அறிவித்தார். அவரை வேறு ஊருக்கு மாற்றி, மனேச்சர் வேலையிலிருந்தும் இறக்கினார்கள். அவர் அதைப் பற்றி ஒருவரிடமும் முறையிட்டதாக நான் கேள்விப்படவில்லை. புதிய மனேச்சர் வந்தார். தட்டும் தராசும் நானும் பழையபடியே இருந்தோம்.

திரேசம்மாவுக்கும் வேறு கடை இல்லை. வந்துதான் ஆகவேண்டும். முதல் நாள் வந்தபோது நான் பால்மாப் பேணியை எடுத்து நீட்டினேன். பெட்டியோடு காய்ந்து வந்த பேணி. அவள் பணத்தை வைக்கவில்லை. பேணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள். தாள் கிழிந்ததே தவிர உரியவில்லை. மற்ற ஓரத்தையும் சுரண்டினாள். பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்ணை, இது நம்பலாமோ?"

"பெட்டியை உடைச்சது நான். தாளிலை ஒருத்தரும் கை வைக்கேல்லைத் தங்கச்சி" என்றேன். "ஆனா நீர் வடிவாய்ப் பாரும்."

"ஓம், நான் பாப்பன்" என்றாள்.

அதன் பிறகு எந்தப் பேணியையும் அவள் சுரண்டாமல் வாங்கவில்லை. பிள்ளை நடக்கத் தொடங்கி, அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து, தட்டில் இருந்த சாமான்களின் பெயரைக் கேட்கிற வயதிலும் அவள் சுரண்டினாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். சிலர் என்னை ஏசுவார்கள். அவள் இரண்டு ஓரத்தையும் சுரண்டி முடித்து, பேணியைப் பைக்குள் வைக்கும் வரைக்கும் நான் அடுத்த ஆளுக்குச் சாமான் நிறுக்கவில்லை.